கிராஃப் போடத் தெரியும், படிக்கத் தெரியுமா?

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே வசனம்தான் காதுல விழும். "கிராஃப் போட்டுட்டியா? அப்பாடா, எட்டு மார்க் கைல இருக்கு!" பழைய பாடத்திட்டத்துல அது பத்து மார்க். மார்க் குறைஞ்சாலும் மவுசு குறையல. மத்த கணக்குக்கெல்லாம் மண்டையைக் கசக்கணும், கிராஃப்புக்கு பென்சிலைச் சீவினா போதும் என்பது ஊரறிந்த ரகசியம். கணக்கே வராத பையனைக்கூட 'வரைபடம், செய்முறை வடிவியல் ரெண்டையும் மட்டும் போட்டுப் பழகு, பாஸ் பண்ணிடலாம்' என்று தேற்றுவார்கள். நானும் அப்படித் தேற்றியவன்தான். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. நாம பிள்ளைகளுக்கு கிராஃப் போடச் சொல்லித் தர்றோம், படிக்கச் சொல்லித் தர்றதில்ல. எழுதக் கத்துக்குடுத்துட்டு வாசிக்கக் கத்துக்குடுக்காம விட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கு. கணக்கு வாத்தியார்கள் கல்லெடுக்கலாம், தப்பில்லை. கடைசி வரைக்கும் படிச்சுட்டு எறியுங்க, அவ்வளவுதான் :-)

முதல்ல சாட்சி நம்பர் ஒண்ணு. பக்கத்து வீட்டுப் பையன், பத்தாவது. ஞாயித்துக்கிழமைகள்ல நம்ம திண்ணையில வந்து கணக்குப் போடுவான். கெட்டிக்காரன். இருபடிச் சமன்பாடு குடுத்தா, மைனஸ் நாலுலேர்ந்து ப்ளஸ் நாலு வரைக்கும் அட்டவணை போட்டு, வலது மூலையில அளவுத்திட்டத்தைக் கட்டம் கட்டி எழுதி, புள்ளியெல்லாம் வெச்சு, கை நடுங்காம பரவளையம் வரைஞ்சு, தீர்வு கணத்தையும் எழுதி நீட்டிடுவான். பத்து நிமிஷம். பார்த்தா ஃபிரேம் போட்டு மாட்டலாம் போல இருக்கும்.

ஒருநாள் சும்மா இருக்காம ஒரு வெள்ளைத்தாள்ல நானே ஒரு கோடு வரைஞ்சு குடுத்தேன். நீங்களும் ஒரு தாள் எடுத்துக்கங்க. எக்ஸ் அச்சு 0 முதல் 8 வரை. கோடு (0, 1)ல ஆரம்பிச்சு நேரா ஏறி (2, 5)க்குப் போகுது. அங்கேர்ந்து நேரா இறங்கி (5, மைனஸ் 1). மறுபடி நேரா ஏறி (8, 5)ல நின்னுடுது. மூணே துண்டு. இதுக்கு எஃப் என்று பேர் வெச்சாச்சு. "தம்பி, எஃப்(2) எவ்வளவு?"

பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தையும் பார்த்தான்.

"சமன்பாடு எங்க அங்கிள்?"

"இல்லடா, கோடு மட்டும்தான்."

"சமன்பாடு இல்லாம எஃப்(2) எப்படி அங்கிள் கண்டுபிடிக்கறது? எதுல பிரதியிடறது?"

இதுதான் மக்களே என் மொத்த வழக்கும். அவனைப் பொறுத்தவரைக்கும் சார்பு என்றால் சூத்திரம். கிராஃப் என்பது சூத்திரத்துக்குக் கடைசியில் போடற அலங்காரம், சாம்பார்ல கொத்தமல்லி மாதிரி. அந்தக் கோடே சார்புதான், கேள்விக்கெல்லாம் பதில் அதுலயே இருக்கு என்று அவனுக்கு யாருமே சொல்லல. 'உறவுகளும் சார்புகளும்' அவன் புத்தகத்துல முதல் பாடம். மதிப்பகம், வீச்சகம், குத்துக்கோட்டுச் சோதனை எல்லாம் கேட்டா கடகடன்னு ஒப்பிப்பான். ஆனா எக்ஸ் அச்சுல 2ல நின்னு, நேரா மேல போய் கோட்டைத் தொட்டு, அப்படியே பக்கவாட்டுல நகர்ந்து ஒய் அச்சுல 5 என்று படிக்கத் தெரியல.

சொல்லிக் குடுத்தேன். புடிச்சுக்கிட்டான். அடுத்து, "எஃப்(எக்ஸ்) = 3 என்றால் எக்ஸ் எவ்வளவு?" இது தலைகீழ்க் கேள்வி. ஒய் அச்சுல 3ல நின்னு பக்கவாட்டுல போகணும், கோட்டைத் தொடற இடத்துலயெல்லாம் கீழ இறங்கணும். 1 என்று எழுதிட்டுப் பேனாவை மூடிட்டான். ஆனா கோடு மூணு இடத்துல 3ஐத் தொடுது: 1, 3, 7. ஒரு விடை வந்ததும் நிறுத்திக்கறது நம்ம பழக்கம். எஃப்(எக்ஸ்) = 6 எங்கே என்று கேட்டா எங்கேயும் இல்லை, கோடு 5க்கு மேல போகவே இல்லை. 'இல்லை' என்பதும் ஒரு விடைதான் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"எஃப்(2)வும் எஃப்(3)யும் கூட்டினா?" யோசிக்காம "எஃப்(5), மைனஸ் 1" என்றான். அடேய்! எஃப்(2) = 5, எஃப்(3) = 3, கூட்டினா 8. அடைப்புக்குறிக்குள்ள இருக்கறதைக் கூட்டறது வேற, உயரங்களைக் கூட்டறது வேற. கோட்டைப் பார்த்துப் பழகினவன் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டான். கடைசியா "எஃப்(9)?" என்றேன். ஸ்கேல் எடுத்துக் கோட்டை நீட்டி 7 என்று போட்டான். கோடு 8ல முடிஞ்சு போச்சு. அதுக்கு அப்புறம் என்ன ஆகும் என்று கோடு சொல்லல. சொல்லாததை நாமளே சொல்லிக்கறதுக்குப் பேர் படிக்கறது இல்லை, ஜோசியம்.

பையனைக் குத்தம் சொல்லல. ஏன்னா சாட்சி நம்பர் ரெண்டு நானேதான். இது கொஞ்சம் சொந்தக் கதை, சோகக் கதை.

என் பேத்திக்கு ஒன்பது மாசம் ஆகியிருந்த சமயம். மகள் எங்க வீட்டுலதான் இருந்தாள். மாசாமாசம் அங்கன்வாடிக்குத் தூக்கிட்டுப் போய் எடை பார்ப்போம். அவங்க அட்டையில ஒரு புள்ளி வைப்பாங்க, முந்தின மாசப் புள்ளியோட சேர்த்துக் கோடு இழுப்பாங்க. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டை பட்டையா இருக்கும். பச்சையில இருந்தா வயசுக்கேத்த எடை. எங்க பாப்பா பச்சையிலதான் இருந்தா. வீட்டுக்கு வந்ததும் நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு அட்டையைப் பார்ப்பேன், "பச்சைதான், கவலையை விடு" என்று மகள்கிட்ட நீட்டுவேன். பள்ளிக்கூடத்துல கிராஃப்புக்கு முழு மார்க் வாங்கின ஆளாச்சே, வீட்டுல நம்ம வார்த்தைக்கு மரியாதை உண்டு.

அந்த மாசம் அங்கன்வாடி டீச்சர் புள்ளி வெச்சுட்டு பேனாவைக் கீழ வைக்கல. "சார், போன மூணு மாசத்தைப் பார்த்தீங்களா?" என்றார். பார்த்தேன். ஆறாம் மாசம் 7.1 கிலோ. ஏழாம் மாசம் 7.2. எட்டாம் மாசம் 7.2. ஒன்பதாம் மாசமும் 7.2.

"பச்சையிலதானே இருக்கு டீச்சர்?"

"கலரைப் பாக்காதீங்க சார், கோடு போற தெசையைப் பாருங்க. பிள்ளை வளந்தா கோடு ஏறணும். இது படுத்துக் கெடக்கு."

சத்தியமா எனக்கு முகம் சிவந்து போச்சு. உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்ட வளர்ச்சி அளவுகள்படி, பெண் குழந்தைக்கு நடுக்கோடு ஆறு மாசத்துல 7.3 கிலோ, ஒன்பது மாசத்துல 8.2. அதாவது மூணு மாசத்துல கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறணும். பேத்தி ஏறினது நூறு கிராம். பச்சைப் பட்டையோட கீழ் விளிம்பு ஒன்பது மாசத்துல 6.5 கிலோ, அதனால 7.2 என்பது இன்னும் பச்சைதான். நான் பார்த்தது கோட்டோட உயரத்தை. டீச்சர் பார்த்தது கோட்டோட சாய்வை. அட்டையில ரெண்டும் இருக்கு. நான் ஒண்ணைத்தான் படிச்சேன்.

டீச்சர் அடுத்துக் கேட்டது மகள்கிட்ட. "என்னம்மா குடுக்கறே?" கேழ்வரகுக் கஞ்சி. "ஸ்பூனைச் சாய்ச்சா வழியுதா, நிக்குதா?" வழியும். தொண்டையில அடைச்சுக்குமோ என்ற பயத்துல என் வீட்டம்மா தண்ணியா கரைச்சு ஊத்திக்கிட்டு இருந்தாங்க. வயிறு நிறையும், எடை ஏறாது. கெட்டியா குழைச்ச சோறு, பருப்பு, கொஞ்சம் எண்ணெய் அல்லது நெய், முட்டை என்று மாத்தச் சொன்னார். டாக்டர்கிட்டயும் ஒருதடவை காட்டச் சொன்னார், காட்டினோம். அடுத்த மாசம் 7.5. அதுக்கடுத்த மாசம் 7.9. கோடு எழுந்து நடக்க ஆரம்பிச்சது. இப்ப பேத்தி நல்லா இருக்கா, ரிமோட்டை உடைக்கற அளவுக்கு நல்லா இருக்கா.

மஞ்சளுக்கு இறங்கற வரைக்கும் காத்திருந்தா என்ன ஆகியிருக்கும் என்று யோசிச்சா இன்னமும் அடிவயிறு கலங்குது. முழு மார்க் வாங்கின தாத்தாவுக்குத் தெரியல. வாசிக்கப் பழகின டீச்சருக்குத் தெரிஞ்சுது. அவங்க அந்த அட்டைக்குச் சமன்பாடு கேக்கல பாருங்க.

'ஏதோ ஒரு அட்டை, அதுக்காக பாடத்திட்டத்தையே திட்டுவியா' என்று கேப்பீங்க. இன்னும் ரெண்டு சொல்றேன்.

ஒண்ணு, கரண்ட் பில். 2022 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல வந்த வீட்டு மின்கட்டணப் பட்டியலை எடுத்துக்கங்க. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் வரைக்கும் ஒரு கணக்கு: முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25 ரூபாய், அடுத்த 200க்கு 4.50, அடுத்த 100க்கு 6. ஆக எஃப்(500) = 1,725 ரூபாய். 500ஐத் தாண்டினா பட்டியலே வேற: 101லேர்ந்து 400 வரைக்கும் 4.50, அடுத்த 100க்கு 6, அதுக்கடுத்த 100க்கு 8. எஃப்(501) = 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டோட விலை 233 ரூபாய்! இதை கிராஃப்பா போட்டா 500ல கோடு அறுந்து, ஒரு படி மேல குதிச்சு ஓடும். அடைச்ச புள்ளி, திறந்த புள்ளி என்று பாடத்துல வருதே, அது அலங்காரம் இல்லை. இந்தப் பட்டியல்படி 500 கீழ்ப்படியைச் சேர்ந்ததா மேல்படியைச் சேர்ந்ததா என்பதில் 233 ரூபாய் இருக்கு. அப்ப நம்ம தெருவுல பாதிப் பேர் 'ஒரு யூனிட்தானே கூட ஓடிச்சு, பில் எப்படி இவ்வளவு ஏறும், மீட்டர்ல கோளாறு' என்று சண்டைக்குப் போனாங்க. மீட்டர் சரியாத்தான் ஓடிச்சு. நாம படியைப் பார்க்கல.

ரெண்டு, கொரோனா. 2020லயும் 2021லயும் டிவியில நாள் முழுக்க கிராஃப்தான். 'மொத்த பாதிப்பு' என்று ஒரு கோடு காட்டுவாங்க. அது இறங்கவே இறங்காது, இறங்க முடியாது. நேத்து வரைக்கும் வந்தவங்களோட இன்னைக்கு வந்தவங்களைக் கூட்டறது அது. நோய் குறைஞ்சா அந்தக் கோடு இறங்காது, படுக்கும். 2021 மே 21ஆம் தேதி தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,184 பேருக்குத் தொற்று. அதுக்கப்புறம் தினசரி எண்ணிக்கை குறைய ஆரம்பிச்சது. அப்பவும் மொத்தக் கோட்டைப் பார்த்துட்டு "இன்னும் ஏறிக்கிட்டேதான் இருக்கு" என்று என் நண்பர் ஒருத்தர், எம்.எஸ்ஸி. படிச்சவர், போன் பண்ணிப் புலம்பினார். குழந்தை எடையில கோடு படுத்தா கெட்ட சேதி. மொத்த பாதிப்பில கோடு படுத்தா நல்ல சேதி. கோடு ஒண்ணுதான். அச்சுல என்ன எழுதியிருக்கு என்று படிக்காதவனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.

இன்னொரு சோதனை வேணும்னா வீட்டுல பிள்ளைங்ககிட்ட இதைக் கேட்டுப் பாருங்க. 'வத்தலகுண்டுலேர்ந்து பஸ் கொடைக்கானல் மலை ஏறுது. வேகத்துக்கும் நேரத்துக்கும் கிராஃப் வரை.' பத்துல எத்தனை பேர் ஏறுற கோடு போடறாங்கன்னு எண்ணுங்க. மலை ஏறினா வேகம் குறையும், கோடு இறங்கணும். ஆனா கிராஃப்பைப் போட்டோ மாதிரி பார்க்கறவங்க மலையைத்தான் வரைவாங்க. இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்துல நாட்டிங்காம்ல இருந்த ஷெல் சென்டர் 1985லயே, சார்புகளும் வரைபடங்களும் ஒரு மொழி என்ற பேர்ல ஒரு பாடத் தொகுப்பு போட்டாங்க. அதுல ஒரு கேள்வி, வேகம் காட்டுற ஒரு கோட்டைக் குடுத்து 'இது எந்த விளையாட்டு?' என்று ஒரு பட்டியல்லேர்ந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுது. சமன்பாடும் இல்லை, அட்டவணையும் இல்லை. பார், யோசி, காரணம் சொல். நாற்பது வருஷம் ஆச்சு. நாம இன்னும் அளவுத்திட்டத்துக்குக் கட்டம் கட்டிக்கிட்டு இருக்கோம்.

இனி வரப்போற எதிர்க்கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில்.

'போடத் தெரிஞ்சாத்தானே படிக்க வரும்?' பாதி உண்மை. போடறதை நான் ஒழிக்கச் சொல்லல. ஆனா போடும்போது பிள்ளை சூத்திரத்துலேர்ந்து அட்டவணைக்கும், அட்டவணையிலேர்ந்து புள்ளிக்கும் போகுது. திரும்பி வர்ற வழி தனி வழி. நம்ம ஊர்லேர்ந்து ரயில் ஸ்டேஷனுக்குப் போகத் தெரிஞ்சவன், இறங்கினப்புறம் இருட்டுல வீட்டுக்கு வழி கண்டுபிடிச்சுடுவான் என்று சொல்ல முடியாது.

'புதுப் புத்தகத்துல படிக்கற கேள்வியும் இருக்கே?' இருக்கு, ஒத்துக்கறேன். நேர் மாறல், எதிர் மாறல் வரைபடங்கள் சேர்த்திருக்காங்க. எக்ஸ் பெருக்கல் ஒய் 24 என்று குடுத்து, எக்ஸ் 3 ஆனால் ஒய் என்ன என்று வரைபடத்திலிருந்து கண்டுபிடிக்கச் சொல்றாங்க. நல்ல எண்ணம், வணங்கறேன். ஆனா பையன் என்ன செய்யறான் தெரியுமா? 24ஐ 3ஆல் வகுத்து 8 என்று மனசுக்குள்ள போட்டுட்டு, அப்புறமா கோட்டைப் பார்த்துக் கண்டுபிடிச்ச மாதிரி ரெண்டு புள்ளிக்கோடு இழுத்துடறான். சமன்பாடு கையில இருக்கற வரைக்கும் எவனும் கோட்டைப் பார்க்க மாட்டான். நானா இருந்தாலும் பார்க்க மாட்டேன்.

'இப்பல்லாம் கம்ப்யூட்டரே கிராஃப் போட்டுடுதே?' அய்யா, அதைத்தான் நானும் சொல்றேன்! போடற வேலையை மெஷின் எடுத்துக்கிச்சு. போன்ல ஒரு தட்டு தட்டினா கோடு வருது. மிச்சம் மனுஷனுக்கு இருக்கறது படிக்கற வேலை மட்டும்தான். நாம பிள்ளைகளை மெஷின் செய்யற வேலைக்குத் தயார் பண்ணிட்டு, மனுஷன் செய்ய வேண்டியதை விட்டுடறோம்.

'படிக்கற கேள்வி கேட்டா மார்க் போடறது கஷ்டம்.' இதுதான் உண்மையான காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம். எஃப்(2) எவ்வளவு, எஃப்(எக்ஸ்) = 3 எத்தனை இடத்துல, எங்கேர்ந்து எங்கே வரைக்கும் கோடு பூஜ்யத்துக்குக் கீழ இருக்கு, எங்கே வேகமா ஏறுது... இதுல எதுக்கு மார்க் போட முடியாது? மேல குடுத்த கோட்டுல பூஜ்யத்துக்குக் கீழ 4.5லேர்ந்து 5.5க்கு நடுவுல. ஒரே விடை, ஒரே மார்க். திருத்தறவருக்கு பரவளையத்தோட வளைவு சரியா இருக்கான்னு கண்ணைச் சுருக்கிப் பார்க்கற வேலைகூட மிச்சம்.

அதனால என் கோரிக்கை சின்னதுதான். அந்த எட்டு மார்க்ல நாலு மார்க்குக்கு வரையச் சொல்லுங்க. மிச்ச நாலுக்கு, வரைஞ்ச கோடு ஒண்ணைச் சமன்பாடு இல்லாம குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. மார்க் எங்கே இருக்கோ அங்கேதான் வகுப்பு போகும், கைடு போகும், டியூஷன் போகும். மத்ததெல்லாம் தானா நடக்கும்.

அரசாங்கம் செய்யற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பேப்பர்ல வர்ற மழை அளவு, தங்கம் விலை, ஏதாவது ஒரு கோட்டைக் காட்டி வீட்டுல மூணு கேள்வி கேளுங்க. ரெண்டு அச்சுலயும் என்ன எழுதியிருக்கு? இந்த நாள்ல எவ்வளவு? எந்தப் பக்கம் போகுது, எவ்வளவு வேகமா? மூணாவது கேள்வியைத்தான் நான் கேக்காம விட்டேன். அந்த டீச்சர் கேட்டார்.

அங்கன்வாடி அட்டையை இன்னும் பத்திரமா வெச்சிருக்கோம். அந்த மூணு மாசமும் கோடு தரையோட தரையா கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மகள் சிரிப்பாள், "அப்பா, பச்சைதான், கவலையை விடு" என்று என் குரல்லயே சொல்லிக் காட்டுவாள். வாங்கிக்க வேண்டியதுதான்.

பி.கு: அந்தப் பையனுக்கு மேல இருக்கற கோட்டுல ஒரு கேள்வி மிச்சம் வெச்சிருக்கேன்: எஃப்(எஃப்(2)) எவ்வளவு? அவன் போன ஞாயித்துக்கிழமை சமன்பாடு கேக்காமலே மைனஸ் 1 என்று சொல்லிட்டான். நீங்களும் கோட்டைப் பார்த்து எப்படி வந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறவங்களும் வரிசையா வரலாம் :-)